மாறிக்கொண்டிருக்கும் காலத்துக்கு ஒரு யோகப் பயிற்சி: தொடக்கநிலையினருக்கான செய்முறை

புதிய வேலை, ஊர் மாற்றம், ஒரு பிரிவு, பணி ஓய்வு. எந்த மாற்றமானாலும் அதில் கடினமான பகுதி நடுவில்தான் இருக்கிறது. பழையது முடிந்திருக்கும், புதியது இன்னும் கைக்கு வந்திருக்காது. யோகப் பயிற்சியிலும் அப்படி ஓர் இடம் உண்டு. ஓர் ஆசனத்தை விட்டு அடுத்ததற்குப் போகும் சில நொடிகள். பெரும்பாலானோர் அதை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். படத்தில் தெரிவது ஆசனம் மட்டும்தானே. இங்கே அந்த நொடிகளைத்தான் நீட்டிப் பழகப் போகிறோம்.

மொத்தம் அரை மணி நேரம் ஆகும். விரிப்பு, ஒரு சுவரோரம், நோட்டு, பேனா போதும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது கழிந்திருக்கட்டும். கர்ப்பிணிகள், தலைச்சுற்றல் உள்ளவர்கள், முழங்கால் அல்லது முதுகில் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

படி 1: மூச்சு (3 நிமிடம்)

சம்மணமிட்டு உட்காருங்கள்; முடியாவிட்டால் நாற்காலி. மனத்துக்குள் 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். இடையில் மூச்சை அடக்க வேண்டாம். உள்மூச்சின்போது இதயத் துடிப்பு சற்று விரைவாகும், வெளிமூச்சின்போது சற்றுத் தணியும். அதனால்தான் வெளிமூச்சை நீளமாக வைக்கிறோம். எண்ணிக்கை திணறச் செய்தால் 3, 4 என்று குறைத்துக்கொள்ளுங்கள். மனம் எங்கெங்கோ ஓடும், ஓடட்டும். மனத்தை முழுதாகக் காலி செய்யச் சொல்லும் அறிவுரையால் தொடக்கநிலையினருக்குக் குற்ற உணர்ச்சி தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை.

படி 2: தாடாசனம் (2 நிமிடம்)

சுவரருகே எழுந்து நில்லுங்கள். பாதங்களுக்கிடையே இடுப்பளவு இடைவெளி, கைகள் பக்கவாட்டில். ஒரு நிமிடம் கழித்துக் கண்களை மூடுங்கள். உடல் லேசாக முன்னும் பின்னும் அசைவது தெரியும். நம்மைச் சாயாமல் நிறுத்துவதில் உட்காது, கண்கள், தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் செய்திகள் மூன்றுக்கும் பங்கு உண்டு. கண்ணை மூடியதும் ஒன்று குறைகிறது. மீதி இரண்டும் வேலையை ஏற்கின்றன. கணுக்கால் ஓயாமல் சிறு சிறு திருத்தங்கள் செய்வதைக் கவனியுங்கள். அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதிகம் தள்ளாடினால் கண்ணைத் திறந்து சுவரைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: விருட்சாசனத்துக்கு, அதாவது மரம்போல ஒற்றைக் காலில் நிற்கும் நிலைக்குப் போவதும் வருவதும் (5 நிமிடம்)

இந்தப் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரம் குறைவென்றால் மற்றவற்றைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள்.

கண்மட்டத்தில் அசையாத ஒரு புள்ளியைப் பாருங்கள். உடல் எடையை மெல்ல வலது பாதத்துக்கு மாற்றுங்கள். எடுத்த எடுப்பில் இடது காலைத் தூக்கிவிடாதீர்கள். முதலில் குதிகால் மட்டும் எழட்டும். விரல்கள் தரையிலேயே இருக்கட்டும். பாதி எடை அங்கே, பாதி இங்கே என்ற அந்த அரைகுறை நிலையில் 5 மூச்சு நில்லுங்கள். ஒன்று காலைத் தூக்கிவிட வேண்டும் அல்லது இறக்கிவிட வேண்டும் என்று உடல் துடிக்கும். அந்தத் துடிப்பை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். முடிவு தெரியாத நாட்களில் எதையாவது செய்து முடித்துவிடத் தூண்டுவதும் பெரும்பாலும் இதே அவசரம்தான்.

பிறகு இடது பாதத்தை வலது கணுக்காலிலோ கெண்டைக்காலிலோ பதியுங்கள். பழகியவர்கள் உள்தொடை வரை உயர்த்தலாம். முழங்கால் மூட்டின்மேல் மட்டும் வைக்க வேண்டாம். 5 மூச்சு நின்றபின், ஏறிய அதே வேகத்தில் இறங்குங்கள். விரல்கள் தரையைத் தொட்டதும் மறுபடி ஓர் இடைநிறுத்தம். அடுத்த பக்கம்.

கால் தடுமாறிக் கீழே வந்தால் அது தோல்வி அல்ல. பயிற்சியில் அதுவும் ஒரு பகுதி. சிரித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

படி 4: தரைக்கு (5 நிமிடம்)

ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மெதுவாக மண்டியிட்டு, இரு கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது முதுகைத் தாழ்த்தி மார்பை முன்னே கொண்டுவாருங்கள். விடும்போது முதுகை மேலே வளையுங்கள். இதுவே மார்ஜாரியாசனம். 8 சுற்று போதும். பின்னர் இடுப்பைக் குதிகால்களை நோக்கித் தாழ்த்தி, நெற்றியைத் தரையில் வைத்துப் பாலாசனம். நெற்றி எட்டாவிட்டால் ஒரு தலையணை.

படி 5: சவாசனம் (5 நிமிடம்)

மல்லாந்து படுத்து எல்லாவற்றையும் தளர விடுங்கள். எழும்போது வலப்பக்கம் ஒருக்களித்து, கையூன்றி எழுங்கள்.

படி 6: எழுதுதல் (10 நிமிடம்)

போனைத் தொடுவதற்கு முன் நோட்டை எடுங்கள். பழைய யோக நூலான பதஞ்சலி யோக சூத்திரத்தின் இரண்டாம் பகுதியில், முதல் சூத்திரத்திலேயே தவம், ஈசுவர பிரணிதானம் (இறைவனிடம் ஒப்படைத்தல்) ஆகியவற்றோடு சுவாத்தியாயமும் (தன்னைத் தானே பயில்தல்) இடம்பெறுகிறது. ஆகவே தன்னை ஆராய்வதை யோகாவுக்கு வெளியிலிருந்து நான் கொண்டுவந்து சேர்க்கவில்லை. மூன்று கேள்விகள்:

எது முடிந்துவிட்டது? எது மாறாமல் என்னோடு வருகிறது? எது இன்னும் தெளிவாகவில்லை?

இரண்டாவது கேள்வியைப் பலரும் தாண்டிவிடுவார்கள். மாற்றத்தின் இரைச்சலில் மாறாதவை கண்ணில் படுவதில்லை. நட்பு, கற்ற தொழில், காலையில் எழும் பழக்கம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். மூன்றாவதற்கு விடை தேட வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் போதும்.

எழுதியபின் மனம் கனத்தால் மிரள வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் பாதித்த அனுபவங்களை எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் அவர்களுக்குச் சோர்வு கூடியது. ஆனால் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. இருந்தாலும், இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமின்மையோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்தால் நோட்டை நம்பியிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

எழுதியதை ஒரு வாரம் வரை திருப்பிப் படிக்காதீர்கள். அதன்பின் மூன்றாம் கேள்விக்கு எழுதியவற்றை மட்டும் வரிசையாகப் படியுங்கள். சில வரிகள் தாமாகவே முதல் கேள்விக்கோ இரண்டாவதற்கோ இடம் மாறியிருக்கும், அவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சியிருப்பவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய மிகச் சிறிய செயலாக மாற்றுங்கள்: ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு விண்ணப்பம், ஓர் அலமாரியைக் காலி செய்தல்.