‘பை’ என்னும் சிறு சொல்லில் நாம் சறுக்கும் இடங்கள்

ஆங்கிலத்தில் நீளமான சொற்களிடம் நாம் எச்சரிக்கையாகவே இருக்கிறோம். அகராதியைப் புரட்டுகிறோம், எழுத்துக் கூட்டிப் பார்க்கிறோம். ஏமாறுவதெல்லாம் இரண்டெழுத்துச் சொற்களிடம்தான். அவற்றில் ‘பை’ (by) தனி ரகம். (தமிழில் எழுதினால் மளிகைக் கடைக்கு எடுத்துப் போகும் பை போலத்தான் தெரிகிறது, வேறு வழியில்லை.) இந்தச் சொல்லை நாம் தவறாகக் கையாளுவதில் பாதி, தமிழ் இலக்கணம் நம் நாவில் நன்றாக ஊறியிருப்பதால் வருவது.

முதலில் கெடு. ‘வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன்’ என்று சொல்ல நினைத்து, அலுவலக மின்னஞ்சலில் ‘விதின் ஃபிரைடே’ என்று எழுதுபவர்கள் ஏராளம். ‘உள்’ என்றால் ‘விதின்’ என்ற கணக்கு. ஆனால் ‘விதின்’ கால அளவோடு சேரும் சொல்: மூன்று நாளைக்குள், ஒரு மணி நேரத்துக்குள். கிழமை, தேதி, மணி என்று கெடுவைக் குறித்துவிட்டால் ‘பை ஃபிரைடே’ என்றுதான் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமையும் அதில் அடக்கம். ‘பிஃபோர் ஃபிரைடே’ என்றால் வியாழக்கிழமையோடு கதை முடிந்தது. வேலைக்கோ கல்லூரிக்கோ விண்ணப்பம் அனுப்புபவர்கள் இந்த ஒரு நாள் வித்தியாசத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது நல்லது.

‘டில் ஃபிரைடே’ முற்றிலும் வேறு. செயல் வெள்ளி வரை நீடிக்கிறது என்று பொருள். காத்திருப்பது நீடிக்கும், கடை திறந்திருப்பது நீடிக்கும், முடிப்பது நீடிக்காது. ஆகவே ‘ஐ வில் ஃபினிஷ் இட் டில் ஃபிரைடே’ என்பது ஒட்டாத வாக்கியம். ஐந்து மணி வரை கடை இருக்கும் என்பதற்கு ‘டில் ஃபைவ்’; ஐந்து மணிக்குள் வந்துவிடுங்கள் என்பதற்கு ‘பை ஃபைவ்’.

அழைப்பிதழ்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. ‘விழா பை டென் தொடங்கும்’ என்கிறோம். ‘பத்து மணி வாக்கில்’ என்பது நம் எண்ணம். நம் விழாக்கள் தொடங்கும் லட்சணத்துக்கு அது நேர்மையான அறிவிப்பு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஆங்கிலத்தில் அதற்குப் பத்துக்கு மேல் போகாது, ஒன்பதேகாலுக்கே தொடங்கினாலும் தொடங்கலாம் என்று பொருள். மணி உறுதி என்றால் ‘அட் டென்’, உத்தேசம் என்றால் ‘அரவுண்ட் டென்’.

அடுத்தது நம் ‘ஆல்’. மூன்றாம் வேற்றுமை உருபு கருவிப் பொருளிலும் வரும், கருத்தாப் பொருளிலும் வரும் என்று பள்ளியில் படித்திருப்போம். கத்தியால் வெட்டினான், கரிகாலனால் கட்டப்பட்டது, தங்கத்தால் செய்த மோதிரம்: தமிழுக்கு மூன்றிலும் ஒரே ‘ஆல்’ போதும். ஆங்கிலம் மூன்றையும் பிரித்துவைக்கிறது. கத்திக்கு ‘வித்’, கரிகாலனுக்கு ‘பை’, தங்கத்துக்கு ‘ஆஃப்’. ‘மேட் பை கோல்டு’ என்று எழுதினால் தங்கமே பட்டறையில் உட்கார்ந்து மோதிரம் செய்ததாகிவிடும். அந்த இடத்தில் தட்டான் பெயரோ கடையின் பெயரோதான் வர வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உயிருள்ளவற்றுக்கு ‘பை’, உயிரற்றவற்றுக்கு ‘வித்’ என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள்; அது சரியில்லை. ஒருவர் கையில் பிடித்துப் பயன்படுத்துவதற்கு ‘வித்’. யாரும் பிடிக்காமல் தானாக வந்து தாக்குவதற்கு ‘பை’. ஒரே மரம் மின்னல் தாக்கிச் சாய்ந்தால் ‘பை’, கோடரியால் சாய்க்கப்பட்டால் ‘வித்’.

வாகனங்கள் எளிது. பஸ்ஸில் வந்தேன் என்பதற்கு ‘பை பஸ்’. நடுவில் எதையும் நுழைக்கக் கூடாது. ‘பை மை கார்’ தவறு, ‘இன் மை கார்’ சரி. ‘பை எ பஸ்’ என்று ஒரு ‘எ’ சேர்ந்தால் பயணம் போய் விபத்து வந்துவிடுகிறது. பஸ் மோதியது என்பதற்குத்தான் அப்படி வரும். ‘பை வாக்’ ஆங்கிலத்திலேயே இல்லை. ‘ஆன் ஃபுட்’ என்று எழுதுங்கள். அதேபோல ‘பைஹார்ட்’ நம் வகுப்பறைகளில் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. மனப்பாடம் செய்தேன் என்பதற்கு ‘பைஹார்ட்டட்’ என்று எழுதினால் வெளிநாட்டு ஆசிரியர் திகைப்பார். ‘லேர்ன் பை ஹார்ட்’ என்பதே வழக்கு.

பணம் போகிற இடம் எண்கள்தான். 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டியை 5.15 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாகக் குறைத்தது. இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது குறைந்த அளவான 0.75-க்கு முன் ‘பை’, வந்து சேர்ந்த இடமான 4.40-க்கு முன் ‘டு’. இரண்டையும் மாற்றிப் போட்டால் வட்டியே ஏறக்குறைய மறைந்துபோகும். சம்பளம் ‘பை 20,000’ உயர்ந்தது என்றால் கூடுதலாக 20,000. ‘டு 20,000’ என்றால் மொத்தமே அவ்வளவுதான். பணி நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் இந்தச் சிறு சொல்லை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வகுத்தல் கோட்டையும் நாம் ‘பை’ என்றுதான் படிக்கிறோம். ‘த்ரீ பை ஃபோர்’ நமக்கு முக்கால், ‘டென் பை டூ’ ஐந்து. ஆங்கிலேயருக்கோ அமெரிக்கருக்கோ இது பெரும்பாலும் நீள அகலமாகவே காதில் விழும். அமெரிக்க மரக்கடையில் ‘டூ பை ஃபோர்’ கேட்டால் வீடு கட்டும் மரச்சட்டம் கிடைக்கும். பெயருக்கு 2 அங்குலத்துக்கு 4 அங்குலம். இழைத்த பின் உண்மையில் இருப்பது 1.5-க்கு 3.5. அந்த மோசடி அவர்கள் பாடு. பின்னத்தைச் சொல்ல ‘த்ரீ குவார்ட்டர்ஸ்’ அல்லது ‘த்ரீ ஓவர் ஃபோர்’ பாதுகாப்பானது. வகுத்தலுக்கு ‘டிவைடட் பை’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெருக்கலும் ‘மல்டிப்ளைட் பை’தான். நாமும் மனையைத் ‘தர்ட்டி பை ஃபார்ட்டி’ என்கிறோம், கதவிலக்கத்தை ‘ட்வெல்வ் பை த்ரீ’ என்கிறோம். நமக்குள் குழப்பம் வருவதில்லை. ‘ஒன் பை டூ’ சூப்பை நம் ஊர் உணவகத்தில் தாராளமாகக் கேளுங்கள். லண்டனில் கேட்டால் விளக்க வேண்டியிருக்கும். இருபத்துநான்கு மணி நேரச் சேவையையும் அங்கே ‘ட்வென்டிஃபோர் செவன்’ என்பார்கள், நடுவில் ‘பை’ கிடையாது.

கடைசியாக ‘ஸ்டாண்ட் பை’. ‘பை’யின் பழைய பொருள் ‘அருகில்’. அருகில் நிற்பவர் தோள் கொடுக்கலாம், வேடிக்கையும் பார்க்கலாம். இந்தத் தொடர் இரண்டையும் குறிக்கும். ‘ஷி ஸ்டுட் பை ஹிம்’ என்றால் அவனுக்குத் துணை நின்றாள். ‘ஷி ஸ்டுட் பை’ என்று நிறுத்திவிட்டால் கைகட்டி வேடிக்கை பார்த்தாள். நெருக்கடியில் உதவிய ஊழியருக்கு நற்சான்று எழுதும்போது, யாருக்குத் துணை நின்றார் என்பதை விட்டுவிடாதீர்கள்.