கிண்டியா, குரோம்பேட்டையா: விருப்பப் பட்டியல் போடும் முன்

பொறியியல் கவுன்சலிங்கில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களைப் பற்றிப் பெற்றோருக்கு வரும் "அவ்வளவு பெரிய இடம், பிள்ளை கூட்டத்தில் தொலைந்துவிடும்" என்ற பயம் பாதிதான் நியாயம். படிப்பு நடப்பது துறைக்குள். ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்று மூன்றாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள்.

கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. போன ஆண்டு நிலவரத்தை உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் பாருங்கள். பொதுப்பிரிவைப் பார்த்து மிரள வேண்டாம்.

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரி வேறு, பல்கலைக்கழகமே நடத்தும் வளாகக் கல்லூரி வேறு. கவுன்சலிங் குறியீடு 1 கிண்டி பொறியியல் கல்லூரி, 2 அதே கிண்டி வளாகத்தில் உள்ள ஏ.சி.டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), 4 குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. பாடப்பிரிவுக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். இருந்தால் சுயநிதி, கட்டணம் கூடும்.

பட்டியலை ஆசை வரிசையில் போடுங்கள். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைக் கணினி பார்க்காது.