பைன் மரத்தில் துணி: டெவில்ஸ் டவர் போகும்போது நம்மவர்கள் செய்யும் தவறுகள்

கோடை விடுமுறைக்கு மவுண்ட் ரஷ்மோரில் தொடங்கி யெல்லோஸ்டோன் வரை காரில் போகும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது ஏராளம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த வழியில் வயோமிங் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் டெவில்ஸ் டவர் பாறை நிற்கிறது. தெற்கு டகோட்டாவில் ஸ்டர்ஜிஸ் ஊருக்குப் பக்கத்தில் பேர் பியூட் மலை இருக்கிறது. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான லகோட்டா மக்களுக்கு முதலாவது மாத்தோ திப்பிலா, இரண்டாவது மாத்தோ பாஹா. இரண்டு இடத்திலும் நடைபாதையோர மரங்களில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று துணிகள் கட்டியிருக்கும். சில கிளைகளில், நூலில் வரிசையாகக் கோத்த சின்னச் சின்ன முடிச்சுகளும் தொங்கும். அமெரிக்கப் பூர்வகுடிகள் வேண்டிக் கட்டியவை அவை.

பார்த்ததும் நம்மவர்களுக்கு ஒரு பூரிப்பு. "நம்ம ஊர் மாதிரியே இருக்கே!" கோயில் மரத்தில் மஞ்சள் துணியில் காசு முடிந்தும், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டியும் பழகியவர்களுக்கு இது வேண்டுதல் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூரிப்பில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அங்கே நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் பிறக்கின்றன. ஒன்றும் புரியாத பயணி ஒதுங்கிப் போய்விடுகிறார். புரிந்துவிட்டதாக நினைக்கும் நாம்தான் கிட்டே போகிறோம்.

"நாமும் ஒன்று கட்டிவிட்டுப் போவோம்"

முதல் தவறு இதுதான், அதிகம் நடப்பதும் இதுதான். பையில் இருக்கும் கைக்குட்டையோ குழந்தையின் தலை ரிப்பனோ கிளையில் ஏறிவிடும். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். நம் கோயில் மரத்தில் யார் வேண்டுமானாலும் கட்டலாம். சாதி, ஊர் கேட்காத மரங்கள் நிறைய உண்டு. அதே வழக்கம் இங்கேயும் செல்லும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அங்கே துணி ஒரு சடங்கின் ஒரு பகுதி. அந்தச் சின்ன முடிச்சுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சதுரமாக வெட்டிய பருத்தித் துணியில் ஒரு சிட்டிகை புகையிலை வைத்து, அதைக் கையில் வைத்திருக்கும்போதே வேண்டிக்கொண்டு, மடித்து, ஒரே நூலில் அடுத்தடுத்து முடிகிறார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு வேண்டுதல். யுவிப்பி என்ற குணமாக்கும் சடங்குக்கு இப்படி 405 முடிச்சுகள் கட்டுவது வழக்கம். மலைமேல் தனியாக, அன்னம் தண்ணீர் இல்லாமல் நாட்கணக்கில் இருந்து தரிசனம் வேண்டும் ஹன்பிளேச்சியா என்ற நோன்புக்குப் போகிறவருக்கும், காய்ச்சிய கற்களில் நீரூற்றி அந்த ஆவியில் அமர்ந்து வேண்டும் இனிப்பி சடங்குக்குப் போகிறவருக்கும் இப்படி முடிச்சுகள் கட்டப்படுவதுண்டு. வீட்டாரே கூட உட்கார்ந்து கட்டிக் கொடுப்பார்கள். வழிகாட்ட ஒரு பெரியவர் இருப்பார்.

நிறத்துக்கும் கணக்கு உண்டு. லகோட்டா மக்களிடம் பரவலாக உள்ள முறைப்படி மேற்குக்குக் கறுப்பு, வடக்குக்குச் சிவப்பு, கிழக்குக்கு மஞ்சள், தெற்குக்கு வெள்ளை. வானத்துக்கும் பூமிக்கும் நீலமும் பச்சையும் சேரும். அவர்களுக்குள்ளேயே குடும்பத்துக்குக் குடும்பம் வரிசை மாறுவதுண்டு. வேறு இனக்குழுவிடம் போனால் திசையும் நிறமும் வேறு மாதிரி பொருந்தும். இந்த ஒழுங்குக்கு நடுவே நம் கைக்குட்டை போய்த் தொங்கினால் அது எதையும் சொல்லாத ஒரு துணி, அவ்வளவுதான். இன்றைய கைக்குட்டை, ரிப்பன் எல்லாம் பாதிக்கு மேல் பாலியெஸ்டர். பருத்தி வெயிலிலும் மழையிலும் நைந்து மண்ணோடு போகும். நைலான் கயிறு போகாது; கிளை பருக்கப் பருக்க அதை இறுக்கிக்கொண்டே இருக்கும்.

இதோடு சேர்ந்து வருபவை மரத்தடியில் காசு வைப்பது, குங்குமம் இடுவது, கற்பூரம் ஏற்றுவது. கடைசியைப் பற்றி மட்டும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது காய்ந்த பைன் ஊசிகள் மெத்தை போட்டிருக்கும் காடு. 1996இல் பேர் பியூட்டில் தீப்பிடித்து மரங்கள் பெருமளவில் அழிந்தன. அம்மா கைப்பையில் கற்பூர டப்பா இருந்தால் அது காரிலேயே இருக்கட்டும்.

"இப்படி அழுக்காக விட்டிருக்கிறார்களே"

வெளுத்துப்போன, கிழிந்து நூலாகத் தொங்கும் துணியைப் பார்த்து, பராமரிப்பு இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. இன்னும் ஒரு படி போய், கீழே விழுந்து கிடக்கும் துணியைக் குப்பை என்று எடுத்துத் தொட்டியில் போடுகிறவர்களும் உண்டு. பிளாஸ்டிக் பொறுக்கும் நல்ல பழக்கம் உள்ளவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். துணி நைவது கணக்கில் சேர்ந்ததுதான். காற்றும் மழையும் அதைக் கொண்டுபோகட்டும் என்றுதான் கட்டிவிட்டுப் போகிறார்கள். விழுந்ததை எடுத்துத் திரும்பக் கட்டுவதும் வேண்டாம்; அவிழ்ந்த முடிச்சை இறுக்குவதும் வேண்டாம். டெவில்ஸ் டவரை நிர்வகிக்கும் தேசியப் பூங்காச் சேவை கேட்பதும் இதைத்தான்: தொடாதீர்கள், கலைக்காதீர்கள், எடுக்காதீர்கள்.

பக்கத்தில் இறகு கிடந்தால் அதற்கு வேறு சட்டமே இருக்கிறது. கழுகு இறகைக் கையில் வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 1940ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வெண்தலைக் கழுகுக்கு வந்தது, பிறகு பொன்னாங்கழுகுக்கும் நீண்டது. அங்கீகரிக்கப்பட்ட பழங்குடியினருக்கு மட்டும் சமயத் தேவைக்காக விலக்கு. "கீழே கிடந்தது, எடுத்தேன்" என்பது அங்கே பதிலாகாது. பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

படம் எடுப்பது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாறையை எடுங்கள், புல்வெளியை எடுங்கள், உங்களை எடுங்கள். துணிகளை நெருங்கிப் படமெடுப்பதைப் பூர்வகுடி மக்கள் அவமரியாதையாகப் பார்க்கிறார்கள். பின்னணியில் தொலைவாக ஒன்று விழுந்துவிட்டால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. துணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கும் படம் வேறு விஷயம். டிரோன் பறக்கவிடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2014 முதல் தேசியப் பூங்காக்களில் அதற்கு அனுமதி இல்லை.

"யாரோ என்னமோ செஞ்சு வெச்சிருக்காங்க"

பூரிப்புக்கு நேர் எதிராக ஒன்றும் நடக்கிறது. சிவப்புத் துணி, உள்ளே ஏதோ வைத்துக் கட்டிய முடிச்சு, யாருமில்லாத காடு. நம்மில் சிலருக்கு உடனே செய்வினை ஞாபகம்தான் வருகிறது. "தாண்டாதே, தொடாதே, திரும்பிப் பார்க்காதே" என்று குழந்தைகளை இழுத்துக்கொண்டு வேகமாக நடக்கிறார்கள். தொடாமல் போகிறார்கள் என்ற வகையில் பலன் என்னவோ சரிதான். ஆனால் பிள்ளையின் மனதில் பதிவது, இந்த மக்கள் சூனியக்காரர்கள் என்பது. பழைய ஹாலிவுட் படங்கள் ஏற்கெனவே செய்த வேலை அது, நாமும் சேர்ந்து செய்ய வேண்டியதில்லை. முடிச்சுக்குள் இருப்பது புகையிலை. அவர்கள் படைக்கும் பொருள் அது. நோயாளி தேறவும், போனவர் திரும்பவும், இறந்தவர் அமைதியடையவும் வேண்டிக் கட்டியிருப்பார்கள்.

ஏன் இப்படி வழியோரத்தில்?

"அவ்வளவு புனிதம் என்றால் யாரும் வராத இடமாகப் பார்த்துக் கட்ட வேண்டியதுதானே?" இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. இந்தத் துணிகளை அருங்காட்சியகத்துப் பொருள் மாதிரி, என்றோ இருந்த மக்களின் மிச்சம் மாதிரிப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே அறியாமையிலிருந்து வருகின்றன.

பாதைதான் பிறகு வந்தது. 1868ஆம் ஆண்டின் லாரமி கோட்டை ஒப்பந்தம், இந்த இரண்டு இடங்களையும் ஒட்டியுள்ள பிளாக் ஹில்ஸ் மலைகளை லகோட்டா உள்ளிட்ட சூ மக்களுக்கே என்று எழுதிக் கொடுத்தது. 1874இல் அங்கே தங்கம் இருப்பது தெரிந்தது. 1877இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றமே நியாயமான ஈடு தராமல் எடுத்தது தவறு என்று சொல்லி 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீட்டை உறுதிசெய்தது. அவர்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. வட்டியோடு சேர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டிக் கணக்கிலேயே கிடக்கிறது. அவர்கள் கேட்பது நிலத்தை.

இதற்கிடையில் டெவில்ஸ் டவர் 1906இல் நாட்டின் முதல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. பேர் பியூட் 1961இல் மாநிலப் பூங்கா ஆனது. இன்னொரு பூர்வகுடியான ஷெயன் மக்களின் ஸ்வீட் மெடிசின் என்ற ஞானி நான்கு புனித அம்புகளைப் பெற்ற மலை அது. அங்கே மாநில அரசு சாலை, வாகன நிறுத்தம், பார்வை மேடை என்று கட்டிக்கொண்டு போனபோது லகோட்டா, ஷெயன் பெரியவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1982இல் தோற்றார்கள், மறுஆண்டு மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். தனிமையில் செய்ய வேண்டிய வழிபாட்டைச் சுற்றுலாப் பயணிகள் நடக்கும் பாதைக்குப் பக்கத்தில் செய்யும்படி ஆனது இப்படித்தான்.

வழிபாடே குற்றமாக இருந்த காலமும் உண்டு. 1883இல் வந்த விதிகள் சூரிய நடனம் போன்ற சடங்குகளைத் தண்டனைக்குரியவை ஆக்கின. செய்தவர்களுக்கு ரேஷன் நிறுத்தப்பட்டது, சிறை கிடைத்தது. 1934இல்தான் அந்தத் தடை விலகத் தொடங்கியது. பூர்வகுடிகளின் சமயச் சுதந்திரத்தைக் காப்பது அரசின் கொள்கை என்று சட்டம் சொன்னது 1978இல். இன்று அங்கே துணி கட்டும் பாட்டி, அந்தச் சட்டத்துக்கு முன்னால் பிறந்தவராக இருப்பார். இதெல்லாம் தெரிந்தபின் அந்தப் பாதையில் எப்படி நடப்பது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கேட்பதும் கலந்துகொள்வதும்

வழியில் யாராவது வேண்டிக்கொண்டிருந்தால் நின்று பார்க்காமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்துவிடுங்கள். நம்மவர்கள் வாஞ்சையாகப் போய்ப் பேச்சுக் கொடுக்கிறார்கள்: "நாங்களும் இந்தியர்கள்தான், நீங்களும் இந்தியர்கள்தான்!" நகைச்சுவை என்று நினைத்துச் சொல்கிறார்கள். அவர்கள் இதை ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்பது நம் ஊரிலும் தப்புதான். பேர் பியூட் அடிவாரத்தில் வளைத்த மரக்குச்சிகளால் ஆன கூடாரச் சட்டங்கள் தெரியும்; அவை இனிப்பி சடங்குக்கானவை, உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். சந்தேகங்களை ரேஞ்சரிடம் கேளுங்கள். அவர்களுக்கு அதுதான் வேலை, நன்றாகவே சொல்வார்கள்.

இணையத்தில் விற்கும் முடிச்சு மாலைகள், காசு கட்டினால் சேர்த்துக்கொள்ளும் நீராவிக் கூடாரச் சடங்குகள் ஆகியவற்றிலிருந்து தள்ளி நில்லுங்கள். தங்கள் வழிபாட்டை விற்கிறவர்களுக்கு எதிராக 1993இலேயே லகோட்டா மக்கள் வெளிப்படையாகப் போர்ப் பிரகடனம் செய்திருக்கிறார்கள். 2009இல் அரிசோனாவின் செடோனா அருகே சுயமுன்னேற்ற வகுப்பு ஒன்று இதே பெயரில் நடத்திய கூடாரத்தில் வெப்பம் தாங்காமல் மூன்று பேர் இறந்தார்கள்.

ஜூன் மாதத்தில் போகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் கவனம். டெவில்ஸ் டவரில் பல இனக்குழுக்களின் சடங்குகள் நடக்கும் மாதம் அது. பாறை ஏறுபவர்கள் அந்த மாதம் மட்டும் ஏறாமல் இருக்கும்படி 1995 முதல் பூங்கா கேட்டுவருகிறது. கட்டாயம் கிடையாது, ஆனாலும் பெரும்பாலோர் அதை மதித்து நடக்கிறார்கள். பாறையைச் சுற்றிவரும் 2 கிலோமீட்டர் பாதை அப்போதும் திறந்தே இருக்கும், தாராளமாக நடக்கலாம்.

குடும்பத்தோடு ஒரு படம் வேண்டுமென்றால் அதற்கென்றே ஒரு நல்ல இடம் இருக்கிறது. பூங்காவுக்குள் ஜுன்க்யூ முட்டோ என்ற ஜப்பானியச் சிற்பி செய்த வெண்ணிறப் புகை வளையச் சிலை ஒன்று 2008 முதல் நிற்கிறது. புதிதாகப் பற்றவைத்த புனிதச் சுங்கானின் முதல் புகையைக் குறிப்பது. வளையத்துக்குள் பாறை முழுசாகத் தெரியும்படி நின்று எடுக்கலாம். காலை வெளிச்சத்தில் நன்றாக வரும்.