வாய்ச் செல்களுக்கு அக்ரிடின் ஆரஞ்சு சாயமேற்றும் முறை

மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடம்தான் அதிகம். வெற்றிலை பாக்கோடு புகையிலை மெல்வது முக்கியக் காரணம். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தெரியும் திட்டிலிருந்து செல்களை எடுத்து அக்ரிடின் ஆரஞ்சு ஏற்றினால், சந்தேகத்துக்குரியவை சீக்கிரம் கண்ணில் படும். இந்தச் சாயம் டிஎன்ஏவில் பச்சையாகவும் ஆர்என்ஏவில் சிவப்பாகவும் ஒளிரும். வேகமாகப் பெருகும் செல்லில் ஆர்என்ஏ அதிகம், அதனால் சிவப்பு தூக்கலாகத் தெரியும்.

முதலில் வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பாக்குத் துணுக்கு தானாகவே ஒளிர்ந்து குழப்பும். செல் எடுக்கும் பிரஷ்ஷைத் திட்டின்மேல் அழுத்திச் சுழற்றுங்கள். புள்ளியாக ரத்தம் கசிந்தால்தான் அடிச்செல்கள் வந்திருக்கும். ஸ்லைடில் தடவியதும், ஈரம் காயுமுன் 95% எத்தனாலில் குறைந்தது 15 நிமிடம் வையுங்கள். ஏர்கோன் காற்றுக்கு நேரே தடவினால் நொடியில் காய்ந்து, உட்கரு ஊதிவிடும்.

சாயக் கரைசலுக்கு 100 மில்லி பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல், பிஎச் 6.0) 10 மில்லிகிராம் அக்ரிடின் ஆரஞ்சு போதும். ஸ்லைடை 80, 70, 50% எத்தனால் வழியாகத் தண்ணீருக்கு இறக்கி, 1% அசெட்டிக் அமிலத்தில் சில நொடி முக்கி அலசுங்கள். சாயத்தில் 3 நிமிடம், பஃபரில் 1 நிமிடம். பிறகு 0.1 மோலார் கால்சியம் குளோரைடில் 30 நொடி முதல் 2 நிமிடம் வரை. இந்தக் கட்டம்தான் நிறத்தைப் பிரிக்கிறது: குறைந்தால் எல்லாமே சிவப்பு, மிஞ்சினால் எல்லாமே பச்சை. கூடவே ஆரோக்கியமான கன்னத்துச் செல் ஸ்லைடு ஒன்றையும் ஓட்டி அளவு பிடியுங்கள். கடைசியில் பஃபரில் அலசி, ஒரு சொட்டு பஃபர் விட்டு கவர்ஸ்லிப் போடுங்கள். சாயம் மரபணுவைப் பாதிக்கக்கூடியது. கையுறை கட்டாயம், கழிவு சிங்க்கில் போகக் கூடாது.

நுண்ணோக்கியில் நீல ஒளியும், பச்சை முதல் சிவப்பு வரை எல்லாவற்றையும் விடும் லாங்பாஸ் ஃபில்டரும் வேண்டும். பச்சையை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டுவிட்டுச் சிவப்பே இல்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு. ஒளி பட்டால் நிறம் மங்கும், உடனே படமெடுங்கள்.

சிவப்பு என்றாலே புற்று அல்ல. ஆறும் புண்ணின் செல், அழற்சி, பாக்டீரியா, கேண்டிடா என்ற பூஞ்சை எல்லாமே சிவந்து ஒளிரலாம். உட்கரு பெரிதாகி, ஓரம் கோணலாகி, அதோடு சைட்டோபிளாசமும் (உட்கருவைச் சுற்றியுள்ள பகுதி) சிவந்திருந்தால் குறித்துக்கொண்டு, அதே ஸ்லைடை ஆல்கஹாலில் சாயம் நீக்கி பாப் சாயத்தில் (செல் சோதனைக்கு வழக்கமாகப் பயன்படும் சாயம்) சரிபாருங்கள். தடித்த வெள்ளைத் திட்டில் மேலே செத்த செல்களே கிடைப்பதால் ஸ்லைடு ஏமாற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணை, ஸ்லைடு எப்படி இருந்தாலும், பயாப்சிக்கு (திசுவை வெட்டியெடுத்துச் சோதிப்பது) அனுப்புங்கள்.