நாகர்கோவிலுக்கு அலுவலக வேலையாக வருகிறீர்களா?

கிளம்பும் முன் உள்ளூர் விடுமுறை இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். குமரி மாவட்டத்தில் இது சற்று அதிகம். ஓணம், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை விழா, மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம், 1956-இல் தமிழகத்தோடு இணைந்த நாளான நவம்பர் 1 என்று ஆட்சியர் விடுமுறை விடுவார். எல்லாருடைய விழாவுக்கும் ஊரே ஓய்வெடுப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் தாலுகா அலுவலகம் வரை வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பினால் வெளியூர்க்காரர்களுக்குப் பாவம்தானே! பெரும்பாலும் பதிலாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாக இருக்கும். அறிவிப்பிலேயே தேதி வரும். வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராத விடுமுறை என்பதால் வங்கிகளுக்கு இது பொருந்தாது.

அப்புறம், மதுரை, திருநெல்வேலி போன்ற வெளியூர்ப் பேருந்துகள் வடசேரியில் நிற்கும். உள்ளூர் டவுன் பஸ்ஸுக்கு மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையம். ஜூனிலும் மழை உண்டு, குடை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்குங்கள். சின்னதாக, வாசனையாக, அருமையாக இருக்கும்.