சபை ஆண்டு விழாவும் அடுத்த தலைமுறையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லை, தூத்துக்குடி பக்கத்துச் சிற்றூர்ச் சபைகளில், ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட நாளை ஆண்டுதோறும் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை வந்துவிட்டால் ஊரே நிரம்பிவிடும். சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர்கள் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். மற்ற ஞாயிறுகளில் ஒரு சில பெரியவர்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் ஆலயத்தில் அன்று தாத்தா, மகன், பேத்தி மூவரும் சேர்ந்து பாடுவார்கள். பொறுப்பை அடுத்தவர்களிடம் ஒப்படைக்க ஆரம்பிப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு சின்னச் சபைக்குக் கிடைக்காது. ஆனால் ஆராதனை, பொன்னாடை, அசனம் என்ற பொதுவிருந்து, போட்டோ என்று நாள் ஓடிவிடுகிறது. மறுவாரம் பழையபடி அதே சில பேர்தான்.

வேலையைக் கொடுத்துவிட்டு முடிவைக் கையில் வைத்துக்கொள்வது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பண்டிகை என்றால் வாலிபர்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. சீரியல் விளக்கு, மைக் செட், நேரலை, பந்தி பரிமாறுவது எல்லாம் அவர்கள் தலையில்தான். ஆனால் எவ்வளவு செலவழிக்கலாம், தேவசெய்தி கொடுக்க யாரை அழைக்கலாம், எந்தச் சமையல்காரர் என்பதையெல்லாம் கமிட்டியில் இருக்கும் மூன்று நான்கு அண்ணாச்சிமார் முன்பே பேசி முடித்திருப்பார்கள். இப்படியே பத்து வருஷம் ஓடியாடிய ஒருவருக்கு முப்பது வயதாகும்போது பந்தல் போடத் தெரியும். சபைக் கணக்குப் புத்தகத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார். அப்புறம் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை" என்று சொல்வது நியாயமில்லை.

ஒரே ஒரு காரியத்தையாவது முழுதாகக் கொடுங்கள். அசனத்தையே எடுத்துக்கொள்ளலாம். பணம் பிரிப்பது, அரிசியாகவும் ஆடாகவும் காய்கறியாகவும் தருகிறவர்களைக் குறித்துக்கொள்வது, மளிகைப் பட்டியல், சமையல்காரரிடம் பேசுவது, ரசீது, மிச்சப் பணம் என்று மொத்தமும் முப்பது வயதுக்குட்பட்ட மூன்று பேர் கையில் இருக்கட்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். எத்தனை பேருக்கு எத்தனை மூட்டை அரிசி என்ற கணக்கு பெரும்பாலும் ஒரே ஒரு பெரியவரின் மனசுக்குள்தான் இருக்கும். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே அவரோடு உட்கார்ந்து அதை ஒரு நோட்டில் எழுதி வாங்கிவிட வேண்டும். குழம்பு பற்றாமல் போனால் ரசத்தை ஊற்றிச் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் பாதியில் "விடு தம்பி, நான் பார்த்துக்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டால், அந்தத் தம்பி அடுத்த வருஷம் முன்வர மாட்டார். சின்னச் சபையில் அப்படி இரண்டு பேர் ஒதுங்கினாலே இழப்பு பெரிது.

இளையவர்களுக்கு இடமில்லாத சபை வரலாறு

பண்டிகையில் வாசிக்கும் வரலாறு பெரும்பாலும் ஆலயம் கட்டிய ஆண்டு, வந்து போன குருமார் பட்டியல், மணிக்கோபுரத்துக்கு நன்கொடை தந்த குடும்பம் என்ற அளவில் நின்றுவிடும். கேட்டுக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதில் தனக்கும் இடமுண்டு என்று தோன்ற எதுவுமே இருக்காது. திருநெல்வேலித் திருச்சபையின் கதை அப்படிப்பட்டதல்ல. பாளையங்கோட்டையில் 1785-இல் ஆலயம் கட்டியவர் குளோரிந்தா என்ற விதவைப் பெண். அங்கே ஊழியம் செய்த சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றார். ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் இந்தப் பக்கம் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1820-இல்தான். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1912-இல், இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்னக்கல்லின் பேராயரானபோது வயது 38. இன்றைக்குப் பல கமிட்டிகளில் 38 வயதுக்காரரை "சின்னப் பையன்" என்கிறார்கள்!

உங்கள் சபையிலும் முதல் ஓய்வுநாள் பாடசாலையை நடத்தியவர், முதல் பாடகர் குழுவைச் சேர்த்தவர் அன்று என்ன வயதில் இருந்தார் என்று விசாரித்து, அதை வரலாற்றில் சேருங்கள். விசாரிக்கும் வேலையையும் பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம்.

தலைமை என்றால் குடும்பம் என்று நினைப்பது

வேதாகமத்தில் மோசேக்குக் கெர்சோம், எலியேசர் என்று இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஆனாலும் பொறுப்பு போனது அவருடைய உதவியாளர் யோசுவாவிடம். அதுவும் மோசே உயிரோடு இருக்கும்போதே, ஆசாரியனுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாகக் கை வைத்து ஒப்படைத்ததாக எண்ணாகமம் 27-ஆம் அதிகாரம் சொல்கிறது. மாறாக, சாமுவேல் தன் பிள்ளைகளையே நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள். போதகரின் மகனுக்கு உண்மையான அழைப்பு இருக்கலாம், தகுதியும் இருக்கலாம். அப்படியிருந்தால் மற்றவர்களைப் போலவே அவரையும் சபை சோதித்துப் பார்த்து ஏற்கட்டும். பெண் பிள்ளைகளைத் தலைமைக்கு யோசிக்கவே யோசிக்காத சபைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இலேயே ஒரு பெண் பேராயராக வந்துவிட்டார்.

மேடையில் மாற்றம், காகிதத்தில் பழைய பெயர்

எந்தப் பேராயத்தின் கீழும் இல்லாமல் தனித்து இயங்கும் சுயாதீன சபைகளில் இது அடிக்கடி நடக்கும். ஆண்டு விழாவில் புதிய போதகரை அறிவித்து மாலை போடுவார்கள். வங்கிக் கையெழுத்து, அறக்கட்டளைப் பத்திரம், மின் இணைப்பு எல்லாம் பழையவர் பெயரிலேயே கிடக்கும். அவர் திடீரென்று இறந்துவிட்டால் சபைக்கும் அவருடைய குடும்பத்துக்கும் நடுவில் வழக்கு வரும் வாய்ப்பு உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவு செய்த சபை என்றால், நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணம் நடத்த அரசு தரும் உரிமம் அந்தப் போதகருக்குத் தனிப்பட வழங்கப்படுவது. பதவியோடு சேர்ந்து கைமாறாது. புதியவர் தனக்கென்று வாங்கும்வரை பழைய உரிமத்தைக் காட்டித் திருமணம் நடத்தக் கூடாது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகளையும் பீரோ சாவியையும் பட்டியல் போட்டு, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது நல்லது.

ஒப்படைத்த பிறகும் விடாமல் பிடித்திருப்பது

சிலர் பதவியை விட்டாலும் ஒவ்வொரு கமிட்டியிலும் உட்கார்ந்து கடைசி வார்த்தையைச் சொல்வார்கள். சிலர் மனத்தாங்கலில் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். இஸ்ரவேலில் ஆலயப் பணி செய்த லேவியர் ஐம்பது வயதில் ஊழிய வேலையை விட்டாலும், சகோதரருக்கு ஒத்தாசையாகக் காவல் காக்கலாம் என்று எண்ணாகமம் 8-இல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது நம் பெரியவர்களுக்கும் அப்படியே பொருந்தும். நோயாளிகளைச் சந்திப்பது, ஜெபக் கூட்டம் நடத்துவது, கேட்டால் ஆலோசனை சொல்வது என்று அவர்களுக்கான வேலையைப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? இந்த வருஷப் பண்டிகை முடிந்த அடுத்த ஞாயிறு, அசனக் கணக்கை அதைச் செலவழித்த அந்த மூன்று பேரே சபைக்கு முன்னால் வாசிக்கட்டும். கேள்வி வந்தால் அவர்களே பதில் சொல்லட்டும். பழைய பொருளாளர் முன்வரிசையில் இருக்கலாம். அவர்களுக்காக எழுந்து பேச வேண்டாம்.