அடுத்த பாட்டுப் பெட்டி எப்படி இருக்கணும்னு யோசிச்சு, நாமளே ஒன்னு செஞ்சு பாக்குறது எப்படி

அம்மா கொழுந்து பறிக்க மலைக்கு போறப்போ கைப்போன ஒரு சொப்பிங் பேக்ல சுத்தி, இடுப்புல கட்டுற படங்குக்குள்ள சொருகிட்டுத்தான் போவாங்க. மழை புடிச்சிருச்சுன்னா அத வெளிய எடுத்து பாட்ட மாத்த ஏலாது. கையெல்லாம் தண்ணி, வெரல் நுனியில கொழுந்து கறை ஏறி தோல் தடிச்சு கெடக்கும், கண்ணாடி மேல எத்தன வாட்டி தேச்சாலும் ஒன்னு அசையாம நிக்கும் இல்லாட்டி யாருக்கோ கோல் போயிரும். டச் ஸ்கிரீன் வெரல கண்டுபுடிக்கிறதே நம்ம ஒடம்பு மின்சாரத்த கடத்துறதால தான், மழைத்தண்ணியும் கடத்தும், அதனால அதுக்கு வெரல் எது துளி எதுன்னு தெரியாம கொழம்பிரும். இத பாத்ததுல இருந்துதான் மஸ்கெலியா பக்கம் தேயிலை தோட்டத்துல வேலை செய்ற ஒருத்தருக்கு ஒரு பாட்டுப் பெட்டி எப்படி இருக்கணும்னு யோசிக்க ஆரம்பிச்சேன்.

ஆப்பிளோட ஐபாட்ங்கிற பாட்டுப் பெட்டி 2001 ஒக்டோபர்ல வந்துச்சு, 5 ஜிபி, 1000 பாட்டு, 2022 மே மாசம் அந்த வரிசையவே நிப்பாட்டிட்டாங்க. எல்லாம் போன்ல இருக்குதானேன்னு சொல்றாங்க. ஆனா ஒரு மேட்ட தாண்டி அந்தப்பக்கம் எறங்கினா சிக்னல் போயிரும், டேட்டா காசு ஒரு பக்கம், பெட்டரி ஒரு பக்கம். கையோட வச்சிருக்குற பாட்டுதான் நமக்கு பாட்டு. அதனால அடுத்த தலைமுறை பெட்டிய வேற எங்கயோ இருக்குறவங்க யோசிச்சு அனுப்புற வரைக்கும் காத்திருக்க தேவையில்ல, நீங்களே யோசிக்கலாம், செலவு கொஞ்சம்தான்.

மொதல்ல பேப்பர்ல எதையும் வரையாதீங்க. யாருக்காகன்னு ஒரு ஆள முடிவு பண்ணுங்க, அந்த ஆளோட ஒரு நாள் முழுக்க கூட இருங்க, காலையில தேத்தண்ணி ஊத்துறதுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும். கை எப்ப சும்மா இருக்கு, எப்ப ஈரம், காது எதுக்கு தேவைப்படுது, இத மட்டும் எழுதுங்க. நான் எழுதினதுல ரொம்ப முக்கியமான வரி பாட்ட பத்தினதே இல்ல, குளவிய பத்தினது. செடிக்குள்ள குளவி கூடு கலைஞ்சா மொதல்ல பாக்குறவங்க சத்தம் போடுவாங்க, அந்த சத்தம் கேட்டவங்கதான் ஓடி தப்புவாங்க. ரெண்டு காதையும் அடைக்கிற ஹெட்செட் எவ்வளவு நல்லா பாடினாலும் மலைக்கு ஆகாது, இதுல எனக்கு ரெண்டு பேச்சே கெடையாது. ஒன்னு சின்ன ஸ்பீக்கர் தோள் பக்கத்துல இருக்கணும், இல்லன்னா காத அடைக்காம கன்னத்து எலும்பு வழியா சத்தம் குடுக்குற மாதிரி ஹெட்செட் இருக்கணும்.

அடுத்தது டம்மி, அதாவது பாடாத, கையில வச்சு பாக்க மட்டும் செய்ற ஒன்னு. டோனி ஃபேடெல் ஐபாட்டுக்கு மாதிரி செஞ்சப்போ ஃபோம் போர்ட வெட்டி ஒட்டி, பாரம் சரியா இருக்கணும்னு உள்ள தூண்டில்ல கட்டுற ஈயக்குண்டு வச்சார். பாம் பைலட்ங்கிற கையடக்க கம்பியூட்டர யோசிச்ச ஜெஃப் ஹாக்கின்ஸ் ஒரு மரக்கட்டைய சட்டை பையில போட்டுக்கிட்டு திரிஞ்சார். நமக்கு சோப்பு கட்டி இருக்கு. மொதல் ஐபாட் 185 கிராம் கிட்ட, நம்ம சோப்பு கட்டி ஒன்னு அதுல பாதி பாரம். கட்டிய செதுக்கி, பட்டன் வரவேண்டிய எடத்துல சட்டை பட்டன அமத்தி ஒட்டி, ஒரு ரப்பர் ஷீட்ல சுத்தி குடுங்க, ரெண்டு நாள் அத வச்சுக்கிட்டு வேலை செய்யட்டும். நான் இடுப்புல மாட்டுற மாதிரி செஞ்சு குடுத்தேன், அம்மா சாயந்தரம் வந்து படங்கு கயிறு அங்கதான் இறுக்குது, குனிஞ்சா குத்துதுன்னு சொன்னாங்க. பட்டன்ல ஒன்னு பெருசா ஒன்னு சின்னதா, தொட்டே கண்டுபுடிக்கிற மாதிரி வேணும்னு தெரிஞ்சதும் அந்த சோப்பு கட்டியாலதான்.

இப்ப பேப்பர் எடுங்க, உள்ள என்ன இருக்கணும்னு எழுதலாம். பெட்டரிய கழட்டி மாத்த முடியணும், ஐரோப்பாவுல 2027 பெப்ரவரில இருந்து இது சட்டமே ஆகப்போகுது, நாம கேட்டா மட்டும் பேராசையா? சார்ஜர் யூஎஸ்பி சி. எஃப்எம் ரேடியோ கட்டாயம். 2022 மார்ச் கடைசில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்தோமே, அப்ப சின்ன பெட்டரி ரேடியோ வச்சிருந்த வீட்டுலதான் எங்க லயத்து வரிசை வீட்டு காம்பரா ஆளுங்க எல்லாம் செய்தி கேட்டாங்க. இந்த மாதிரி சின்ன பெட்டியில எஃப்எம்முக்கு ஹெட்செட் வயர்தான் ஏரியல், ஜாக் ஓட்டைய எடுத்துட்டா ரேடியோவும் சேந்து போயிரும், அதனால ஓட்டை இருக்கட்டும். ஆரகாஸ்ட்னு ஒன்னு இருக்கு, ஒரு பெட்டியில இருந்து எத்தன பேரு ஹெட்செட்டுக்கும் ஒரே நேரத்துல புளூடூத்ல பாட்டு போகும், பதுளை ரயில்ல கூட்டாளிகளோட போறப்போ நல்லாதான் இருக்கும், ஆனா அது இல்லாமலும் இருக்கலாம்.

இல்லாம இருக்கக்கூடாதது ரெக்கோர்டிங் பட்டன். இத கொஞ்சம் நின்னு யோசிங்க. கடையில சிப்புக்கு, அதாவது மெமரி கார்டுக்கு, ஏத்தி தர்ற பாட்டெல்லாம் எப்பவும் கெடைக்கும். அம்மாயி பாடுற தாலாட்டு, காமன் கூத்துல தப்பு அடிக்கிறவரு நடுவுல எடுத்து விடுற அடி, ஒப்பாரில நம்ம குடும்பத்து பேரு சொல்லி அழுகுறது, இது எந்த கடையிலயும் இல்ல, அந்த வாய் மூடினா போச்சு. 128 கேபிபிஎஸ் தரத்துல பதிஞ்ச எம்பி3 ஒரு மணித்தியாலம் 58 எம்பி கிட்ட, அப்ப 32 ஜிபி சிப் ஒன்னுல 500 மணித்தியாலத்துக்கு மேல புடிக்கும். ஒரு லயத்து ஆளுங்க பாட்டு முழுசும் அடங்கிரும். அமத்தினா பதியணும், விட்டா நிக்கணும், மெனுவுக்குள்ள போய் தேட வைக்கக்கூடாது.

போல்டரையும் அவங்க பேசுற மாதிரி பிரிங்க. பாடகர் பேரு, ஆல்பம் பேருன்னு அம்மா ஒருநாளும் கேட்டதில்ல, விடியக்காலம் சாமி பாட்டு, மலையில கேக்குறது, அக்கா வெளிநாட்டுல இருந்து அனுப்புன வொய்ஸ், அவ்வளவுதான், அந்த வொய்ஸத்தான் பாட்ட விட கூடுதலா கேப்பாங்க. ஒவ்வொரு போல்டர் பேரையும் பெட்டி வாயால சொல்லணும், கண்ணாடி போடாம வாசிக்க ஏலாதவங்களுக்கும் சரி, கண்ணு தெரியாதவங்களுக்கும் சரி. ரொக்பொக்ஸ்ங்கிற இலவச சொஃப்ட்வெயார் இத பல வருஷமா செய்யுது, பழைய ஐபாட் ஒன்னு கெடைச்சா போட்டு பாருங்க, யோசனை தெளியும்.

இனி உண்மையிலேயே பாடுற ஒன்னு. டிஎஃப்பிளேயர் மினின்னு நகத்த விட கொஞ்சம் பெரிய போர்ட், சிப் போடுற எடம் அதுலயே இருக்கு, 3 வொட் வரைக்கும் ஸ்பீக்கர நேரா இழுக்கும், கம்பியூட்டர் கோட் ஒன்னும் எழுத தேவையில்ல. போர்டுல ஐஓ1னு இருக்குற கம்பிக் காலுக்கும் கிரவுண்ட் காலுக்கும் நடுவுல ஒரு பட்டன், சட்டுனு அமத்தினா முந்தின பாட்டு, புடிச்சிக்கிட்டே இருந்தா சத்தம் கொறையும். ஐஓ2வுக்கு அதே மாதிரி இன்னொன்னு, அடுத்த பாட்டு, சத்தம் கூடும். ஸ்பீக்கர் ரெண்டு வயரையும் எஸ்பிகே1, எஸ்பிகே2 கால்ல ஈயம் உருக்கி ஒட்டுங்க. கரண்டுக்கு 18650ங்கிற உருளை லித்தியம் செல் ஒன்னு, கூட அத சார்ஜ் பண்ற டிபி4056 போர்ட், செல்லுக்கு பாதுகாப்பு சேந்த வகையா பாத்து கேளுங்க. செல் மேல நேரா ஈயம் வைக்காதீங்க, சூடு ஏறினா ஆபத்து, ஹோல்டர் வாங்கி போடுங்க. பழைய லெப்டொப்ல இருந்து கழட்டுன செல் உப்பியோ பள்ளம் விழுந்தோ இருந்தா தொடவே வேணாம். பிளஸ் மைனஸ ரெண்டு வாட்டி பாத்துட்டு நடுவுல ஒரு சுவிட்ச் வைங்க.

சிப்ப கம்பியூட்டர்ல போட்டு எஃப்ஏடி32ங்கிற முறைல ஃபோர்மட் பண்ணுங்க, 32 ஜிபிக்கு மேல வேணாம். இந்த போர்ட் அடுத்து அடுத்துன்னு போறப்போ பேர பாத்து போகாது, நீங்க கொப்பி பண்ணுன வரிசைலதான் போகும், அதனால எது மொதல்ல வேணுமோ அத மொதல்ல ஒவ்வொன்னா கொப்பி பண்ணுங்க. இதுல ரேடியோ, ரெக்கோர்டிங் ரெண்டும் இல்ல, பட்டனையும் ஸ்பீக்கரையும் சோதிச்சு பாக்கத்தான் இது.

பெட்டிக்கு மூடி இறுக்கமான சாப்பாட்டு டப்பா போதும், பட்டன் ஓட்டை மேல பைசிக்கிள் டியூப் துண்டு ஒட்டினா மழைத்தண்ணி எறங்காது. ஸ்பீக்கர் ஓட்டைய கீழ பாத்த மாதிரி வைங்க.

குடுத்துட்டு எதையும் சொல்லிக் குடுக்காதீங்க, தூரத்துல இருந்து பாருங்க, எங்க தடுமாறுறாங்களோ அத எழுதுங்க. அம்மா மூணாவது நாள் பெட்டிய கூடை கயித்துல, தோளுக்கு கொஞ்சம் மேல, அவங்களாவே கட்டிக்கிட்டாங்க. ரெண்டு பட்டனும் அப்ப கை எட்டாத பக்கமா போயிருச்சு. அடுத்த டப்பாவுல பட்டன் பக்கவாட்டுல வருது.